ஈரமாக இருக்கும்போதே

நீரோடியோடு நம்ம பக்கம் முடிகிறது.
பசைக்குழாய் வாங்க நான் பொழியூர் போவேன்,
எண்பது ரூபாய் குறைவு.
"க்ளவுஸ் வேண்டே சேட்டா?" என்பார் கடைக்காரர்.
வேண்டாம் என்று சொன்ன காலம் ஒன்று இருந்தது.

அதற்குச் சாட்சிகள் இன்னும் இருக்கின்றன:
ஸ்கூட்டர் கைப்பிடியில் ஒரு வெள்ளைத் தழும்பு.
மாதா கோயிலில் மூன்றாம் பெஞ்சு, இடது ஓரம்.
ஆக்னஸின் கல்யாணப் புடவை இல்லை, நல்லவேளை;
அவள் தங்கையின் புடவை.
இரண்டு ஈஸ்டர் பேசாமல் போயிற்று.

பசையின் மேல் குற்றம் சொல்ல முடியாது.
தொட்டதை விடாதே என்று சொல்லிப் பண்ணியது.
படகு எது புடவை எது என்று
யாரும் அதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

போன மாதம் ரேஷன் கடையில்
என் பெருவிரலை வைத்தேன்,
இல்லை என்றது இயந்திரம்.
துடைத்து வைத்தேன். இல்லை.
மண்ணெண்ணெய், தேங்காயெண்ணெய், கல்லில் ஒரு தேய்ப்பு.
இல்லவே இல்லை.
ஆக்னஸின் ரேகையோ நெத்திலி ஆய்ந்து ஆய்ந்து
எப்போதோ அழிந்துவிட்டது.
தோல் புதிதாய் வளரும்வரை, பத்து நாள்,
எங்கள் வீட்டில் ஒருவருமே இல்லை.

ஆகவே இன்று, சலேத் ராணியின் வீல்ஹவுஸ் கண்ணாடிக்கு,
காலை முழுக்கப் பழைய பசையைச் சுரண்டினேன்.
அசிட்டோன் துணி, ஒரு துடைப்புக்கு ஒன்று.
பிறகு நீல நாடா.
கண்ணாடியைச் சுற்றி ஒரு வேலி, சட்டத்தைச் சுற்றி ஒரு வேலி,
நடுவே பென்சில் அகலத்தில் வாய்க்கால்.
காலடியில் பேப்பர் விரித்து,
குப்பைப் பையின் வாயை ஆணியில் திறந்து மாட்டி,
போனைச் சட்டையோடு கழற்றி ஐஸ் பெட்டிமேல் வைத்து,
இரண்டு கைக்கும் உறை போட்டேன்.
உடனே மூக்கு அரித்தது.
அரிக்கட்டும்.

"ஒட்டப் போறியா, பொட்டலம் கட்டப் போறியா?"
ஜெறால்டு சிரித்தான். நாளை மறுநாள் கடலுக்குப் போகிறவன்,
அவனுக்கு எல்லாம் வேகம்.

திருகுகளைப் பாதிதான் முறுக்கினேன்.
முழுக்க முறுக்கினால் பசை மொத்தமும் பிதுங்கி
வெளியே வந்து நிற்கும்.
பார்க்க அழகாய் இருக்கும்,
மினிக்காய் தாண்டியதும் ஒழுகும்.
மீதி முறுக்கு நாளைக்கு.

சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால்
ஒரே இழுப்பு, மூலைக்கு மூலை.
"காய்ஞ்சாச்சா?" என்று
குத்திப் பார்த்தான் ஜெறால்டு.
கீழ்மூலையில் ஒரு பள்ளம்.
அவன் அப்பனையும் சேர்த்துத் திட்டிவிட்டு
மறுபடி இழுத்தேன்.

அப்போது போன் அடித்தது.
அவனே எடுத்து என் காதில் பிடித்தான்.
"அரிசி வந்திருக்கு, அஞ்சு மணிக்கு அடைச்சிருவாவ,
எப்ப வருவிய?"
நாடா உரிக்கணும் என்றேன்.
"நாடாவா நானா?"

என்ன சொல்ல.
தோல் கட்டுவதற்குள் உரிக்க வேண்டும்.
இந்த வெயிலில் இருபது நிமிஷம்,
அதற்குள் பதினைந்து போய்விட்டது.
பிந்தினால் ஓரம் பூராவும் பிசிறு,
நாடாவோடு வேலையும் கிழிந்து வரும்.

மெல்ல, பின்பக்கமாய் மடித்து, தாழ்வாய் இழுத்தேன்.
நீலம் போனது.
கோடு நின்றது,
பேனாவால் போட்டாற்போல.
உறையை உள்வெளியாய் உருவி,
ஒன்றுக்குள் ஒன்றைப் போட்டு, பைக்குள் எறிந்தேன்.
கையை முகர்ந்தேன். சோப்பு மட்டும்.

நாலு ஐம்பது.
பெருவிரலை வைத்தேன்.
முதல் தடவையே பச்சை.
அட, நான்தான்.

அரிசிப் பையைத் தோளில் ஏற்றித் திரும்பினால்
ஆக்னஸ் என் முகத்தையே பார்க்கிறாள்,
முகத்தைக்கூட இல்லை, கொஞ்சம் பக்கவாட்டில்.
"காதுல என்ன," என்றாள்,
"வெள்ளையா?"